துணியில் வந்த நீலம்

சாயங்காலம் ஆயுதக் கடைக்காரர் வந்து என் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. அதற்குள் அது தேய்ந்த துப்பாக்கியில்லை, அழுக்கடைந்த துப்பாக்கிதான் என்று நான் நிரூபித்தாக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பா காலமானபின் லைசென்ஸ் என் பெயருக்கு மாறி, அந்தப் பாயிண்ட் மூணு பதினஞ்சு ரைஃபிளும் என்னோடு கோயமுத்தூர் கணபதியில் இருந்த புகுந்த வீட்டுக்கு வந்தது. ஞாயிறுதோறும் கிளப்பில் சுடப் போவேன். வாரம் முழுக்க இன்னார் மருமகள், இன்னார் சம்சாரம். அந்த ஒரு காலைதான் எனக்கென்று இருந்தது. சில மாதங்களாகக் குண்டுகள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஒன்று மேலே போகும், ஒன்று பக்கவாட்டில் போகும். பட்டாளத்தில் இருந்து வந்த பயிற்சியாளர் குழலுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்வரியெல்லாம் தேஞ்சுபோச்சுங்க அம்மணி. இனி இது வேலைக்காகாதுங்க."

என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை போதும். "தேஞ்ச துப்பாக்கிக்கு எதுக்கு லைசென்ஸு? குடுத்துப்போடலாம். புதுசு வாங்கறேன்னு மட்டும் ஆரம்பிச்சுராத" என்று முடித்துவிட்டார். கடைக்காரருக்கும் சொல்லியனுப்பியாயிற்று.

துப்பாக்கியை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனேன். அப்போதுதான் குழலின் வாயோரத்தில் செம்பு நிறத்தில் ஒரு பளபளப்பைப் பார்த்தேன். குண்டின் மேலுறை செம்பு. சுடச்சுட அது உரசி, குழலுக்குள் சுருளாக ஓடும் உள்வரிகளில் அப்பிக்கொள்ளும். அப்பிவிட்டால் குண்டு நேராகப் போகாது. எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் அது அசையாது. அமோனியாவுக்குத்தான் கரையும், கரைந்தால் துணியில் நீலமாக வரும். எங்கள் மோட்டார் பம்ப் பட்டறையில் வரைபடம் நகலெடுக்கிற மெஷினுக்கென்று அமோனியா எப்போதும் இருக்கும்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. சுத்தம் பண்ணிச் சுட்டுப் பாக்கறேன். அப்பறமும் செதறுச்சுன்னா நானே என் கையால தூக்கிக் குடுக்கறேன்" என்றேன்.

"உன்ற வாயில உழுந்து எந்திரிக்க என்னால ஆகாது, சாமி" என்றபடி என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போய் ஒரு சீசாவில் கொண்டுவந்தார். குழலுக்குள் விட்டுத் துடைக்கத் துணி மாட்டுகிற கம்பியின் முனை ஒடிந்து கிடந்தது. கோயமுத்தூரில் ஒரு சாமான் ஒடிந்தால் யார் கடைக்குப் போகிறார்கள்? லேத்துக்குத்தான் போவார்கள். பித்தளையில் ஒரு முனையைக் கடைந்தே கொண்டுவந்திருந்தார், தங்கம் மாதிரி மின்னியது. "கடையில கெடைக்குமா இந்த ஃபினிஷிங்கு?" என்று நீட்டினார். விற்றே தீரவேண்டும் என்று நின்ற மனுஷன் இப்படிப் பாடுபட்டதில் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், துவைக்கிற கல்மேல் துப்பாக்கியைக் கிடத்தி ஆரம்பித்தோம். அமோனியா நெடி மூக்கைப் பிடுங்கிற்று, கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது. முதல் துணியை இழுத்தேன். நீலம்! நல்ல மயில்கழுத்து நீலம்.

"பாத்தீங்களா! தேஞ்சுபோச்சாமே, தேஞ்சு! எத்தன செம்பு பாருங்க!"

அவரும் குனிந்து பார்த்தார். "ஆமா, அப்பித்தான் கெடக்குது" என்றார். அதற்குப்பின் என்னை விடவில்லை, தானே கம்பியை வாங்கித் தள்ளினார். அடுத்த துணியும் நீலம். அதற்கடுத்ததும் நீலம். ஒவ்வொரு துணிக்கும் எனக்கு உயிர் வந்தது. மத்தியானம் சோறு தின்னக்கூட எழவில்லை.

கடைக்காரர் போன் செய்தார், கிளம்பிவிட்டாராம். கம்பியிலிருந்து முனையைக் கழற்றி, அமோனியா ஊற்றிவைத்த கிண்ணத்தில் போட்டுவிட்டு உள்ளே போனேன். நேராகக் கிளப்பில் சுடுகிற ரேஞ்சுக்கே வந்துவிடச் சொன்னேன். என் மாமியாரின் நலத்தையெல்லாம் அவர் சாவகாசமாக விசாரித்து முடித்து, நான் திரும்பி வந்தபோது கிண்ணத்தில் இருந்த அமோனியா நீலமாகியிருந்தது.

குழல் அந்தப் பக்கம் கிடக்கிறது. கிண்ணத்தில் பித்தளை முனை மட்டும்தான்.

என் வீட்டுக்காரருக்கு என்னைவிடச் சீக்கிரம் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டார். "அட கெரகமே! பித்தளையில முக்காவாசி செம்புதானே! தெனமும் அதையே உருக்கறவன் நானு, எனக்குத் தோணலையே!"

காலையிலிருந்து நாங்கள் பார்த்து மகிழ்ந்த நீலம் குழலிலிருந்து வந்ததா, இவர் கடைந்த முனையிலிருந்து வந்ததா? வெறும் இரும்புக் கம்பியில் துணியை நூலால் கட்டி, அமோனியாவில் தோய்த்துத் தள்ளினேன். வெள்ளையாக வந்தது. இன்னொன்று, அதுவும் வெள்ளை.

"செரி, சுத்தமாயிருச்சு" என்றார்.

"எப்பருந்துங்க சுத்தமா இருக்குது? இன்னிக்கா, போன மாசமா?" என்று கத்தினேன். அவர் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டோம். சுட்டுப் பார்ப்பதைத் தவிர இனி வழியில்லை.

ரேஞ்சில் கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றிருந்தார். உக்கடத்துக்காரர், தன்மையான மனிதர். "அவசரமில்லீங்க, நிதானமா சுடுங்க" என்றார். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. குண்டு விழுந்த ஓட்டைகளின்மேல் தீப்பெட்டியை வைத்துப் பார்ப்பார்கள், அத்தனையும் அதற்குள் மறைந்தால் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. மணல் மூட்டையில் குழலைத் தாங்கவைத்துப் படுத்தேன். முதல் குண்டு எண்ணெயைத் துடைக்க, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பிறகு மூச்சைப் பிடித்துப் பிடித்து நாலு சுட்டேன். இதைவிட நிதானமாக நான் எந்நாளும் சுட்டதில்லை.

என் வீட்டுக்காரர்தான் நடந்து போனார். குறிப்பலகைக்கு முன்னால் நின்று பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வைத்தார். எடுத்தார். நகர்த்தி வைத்தார். பிறகு தீப்பெட்டியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, விரல்களை அகல விரித்து உள்ளங்கையைக் காகிதத்தின்மேல் வைத்தார். கைக்கு வெளியே ஒரு ஓட்டை எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"இன்னொருக்கா சுடு அம்மணி!" என்று அங்கிருந்தே கத்தினார். காலையில் விற்றுவிடச் சொன்ன அதே மனுஷன். "காத்தடிச்சிருக்கும், இன்னொருக்கா சுடு!"

ஒரு இலைகூட அசையவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்று எழுந்து, தோட்டா அறையைத் திறந்து காலி என்று காட்டி, துப்பாக்கியைக் கடைக்காரர் கையில் கொடுத்தேன்.

அவர் குழலை வெளிச்சத்துக்கு உயர்த்தி ஒரு கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"முப்பது வருசமா இதே தொழிலுங்க அம்மணி," என்றார். "இத்தன சுத்தமான கொழலு நான் பாத்ததே இல்லீங்க."