வலது தோளும் விறாந்தைக் கதிரையும்

என் வலது தோள் என்னோடு கோபித்துக்கொண்டு அரை வருடத்துக்கு மேலாகிறது. பகலில் அது தன்னை அதிகம் காட்டிக்கொள்ளாது. கந்தோரில் கோப்புகளைப் புரட்டலாம், கையெழுத்து வைக்கலாம், ஆரையம்பதியிலிருந்து புளியந்தீவு வரை பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போகலாம். உடம்பைச் சரித்தால்தான் அதற்கு உயிர் வரும்.

வலப்பக்கம் படுக்கும் கதையே இல்லை. இடப்பக்கம் படுத்தால் வலது கை தன் பாரத்தில் முன்னால் சரிந்து தோளை இழுக்கும். அதற்கு அணையாக ஒரு தலையணை வைப்பேன். ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். பிறகு தலையணை உயரம் போதாது என்று தோன்றும். இன்னொன்றை வைத்தால் உயரம் கூடிப்போகும். மல்லாந்து படுத்தால் உளைவு தோளிலிருந்து முழங்கை வரை இறங்கி, அங்கேயே நின்று குடையும். எழுந்து உட்காருவேன். நுளம்பு வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவேன். தண்ணீர் குடிப்பேன். திரும்ப வலைக்குள் போகும்போது இரண்டு நுளம்பும் கூடவே வரும். அதன் பிறகு நித்திரைக்கு எங்கே போவது?

செய்யாத வைத்தியம் இல்லை. நோவெண்ணெய் பூசினேன். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுத்தேன். கணவர் ஆரம்பத்தில் எழுந்து தேய்த்துவிட்டார். ஒரு மாதம் போனதும் படுத்தபடியே கையை நீட்டித் தேய்த்தார். அதற்குப் பிறகு "கொஞ்சம் பொறு" என்பதோடு சரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்தவருடைய தோளுக்காக எத்தனை இரவு முழித்திருக்க முடியும்?

கிளினிக்கில் வைத்தியர் கையைப் பிடித்து மேலே தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது, சீனி வருத்தக்காரருக்கு வருவதுதான், தானாக இளகும் என்றார். "எப்ப இளகும்?" என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் வேறுபடும், மாதக்கணக்கில் எடுக்கும், வருடமும் தாண்டலாம் என்றார். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி ஒன்றைக் காட்டித் தந்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தச் சுவரையே தள்ளி விழுத்தியிருப்பேன்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லவில்லை. "சீனி பார்க்கப் போனேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவில் பின்னுக்கு ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். நானும் அப்படி வாங்கியவள்தான், ஆகவே கொடுக்கும்போது கை நடுங்கவில்லை. கட்டில், அலுமாரி, மேசை, விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரை எல்லாவற்றோடும் கொடுத்தேன். எங்களுக்குப் பின் வீட்டில் புதுக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டோம். "ஒரு கரண்டிகூட எடுத்துக்கொண்டு வரவில்லை" என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

மருமகன் கதிரவெளியைச் சேர்ந்தவர், நிலஅளவைக் கந்தோரில் வேலை. அதிர்ந்து பேசமாட்டார். எங்களுக்குள் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைக்கிற வழக்கமும் குறைவு. சாப்பாடு போதுமா என்று நான் மகளைக் கேட்பேன், அவள் அவரைக் கேட்பாள், போதும் என்பதும் அதே வழியால் திரும்பி வரும். மூன்று பேரும் ஒரே குசினியில் நிற்கும்போதுகூட அப்படித்தான்.

பின் வீட்டுக்கு வந்து சில மாதத்தில் தோள் இறுகத் தொடங்கியது. வீட்டைக் கொடுத்துவிட்டுப் புதுக் கட்டிலில் நித்திரை வரவில்லை என்று ஒரு தாய் வாய் திறந்தால் அதை யார் என்னவென்று எடுப்பார்கள்? கொடுத்த வீட்டை நினைத்து ஏங்குகிறாள் என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். மகளிடம் மூச்சு விடுவதில்லை என்று கணவரிடம் சத்தியம் வாங்கினேன். காலையில் அவர்தான் என் தலையைப் பின்னிவிட்டார். வாழ்நாள் முழுக்க லொறி ஓட்டிய கை அது. கந்தோரில் ஒருத்தி அந்தக் கோணல் பின்னலைப் பார்த்து, "என்ன கா, இண்டைக்கும் காத்துக்குள்ள வந்தயா?" என்று கேட்டாள்.

வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற காலம் வந்தது. பின் வீட்டில் புழுக்கம் தாங்கவில்லை. ஒரு இரவு வளவுக்குள் நடந்து பார்த்தேன். நடந்து களைத்து, முன் வீட்டு விறாந்தையில் ஏறி அந்தச் சாய்மனைக் கதிரையில் சரிந்தேன். அகலமான கைப்பிடியில் என் வலது கை போய்ப் படுத்துக்கொண்டது. தோள் வாயை மூடிக்கொண்டது. ஒரு மணித்தியாலம் நான் அசையவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்கு யாராவது என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அறிவுள்ளவள் என்றால் அடுத்த நாளே மகளிடம், "அந்தக் கதிரையக் கொஞ்ச நாளைக்குத் தா" என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்பதா? கரண்டி எடுக்காத பெருமை என்ன ஆவது? ஆகவே சொந்த மகளின் விறாந்தைக்குக் கள்ளியைப்போலப் போய்வரத் தொடங்கினேன். அவர்கள் விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் போன பின் போவேன், வெளிச்சம் வருமுன் எழுந்து வந்துவிடுவேன். சில இரவில் அந்தக் கதிரையிலும் தோள் சமாதானமாகாது. எழும்புவேன், நடப்பேன், திரும்ப இருப்பேன். பிரம்பு கிறீச்சிடும். கதிரைக்கு நேர் மேலே அவர்கள் படுக்கும் அறையின் யன்னல். அது என் புத்திக்கு எட்டவே இல்லை. நோவுக்காரிக்குத் தன் நோவைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் பின் குசினியில் இடது கையால் தேங்காய் துருவத் தெண்டித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து கதவு நிலையில் சாய்ந்தாள்.

"அம்மா, நாங்க டவுன் பக்கம் வீடொண்டு பார்த்திருக்கிறம். வாடகைக்கு."

"என்னத்துக்கு?"

"அவருக்குக் கந்தோர் கிட்டத்தில."

"பைக்கில கால் மணித்தியாலம். என்னத்துக்கு எண்டு கேக்கிறன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "உங்களால அந்த வீட்ட விட்டுட்டு இருக்க ஏலாமக் கிடக்கு எண்டு எங்களுக்கு விளங்குதம்மா. ராவு ராவா எங்கட யன்னலுக்குக் கீழ வந்து இருக்கிறீங்க. நடக்கிறீங்க. பெருமூச்சு விடுறீங்க. அவர் என்ன நினைப்பார்? நீங்க திரும்பி முன்னுக்கு வாங்க. நாங்க போறம்."

சீதன வீட்டை விட்டு ஒரு பெண் வாடகை வீட்டுக்குப் போவது எங்கள் ஊரில் சின்ன விசயம் இல்லை. தாய்க்காரி மருமகனை இருக்கவிடவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஊர் கிடக்கட்டும். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் கண்ணுக்கெதிரே இருக்க வேண்டும் என்றுதான் அந்த வீட்டைக் கல் கல்லாகக் கட்டினோம். தோள் நோகுது மனே என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு முதலில் வருவது கோபம்.

"என்ட கதிரையில நான் கொஞ்ச நேரம் இருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

என்ட கதிரை. சொல் வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதத்தானம்மா நானும் சொல்லுறன்" என்று திரும்பிப் போனாள்.

அன்று பின்னேரம் வரை நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. மகளை அனுப்பி மருமகனிடம் சொல்ல வைப்போமா என்று யோசித்தேன். அவள் வழியாகப் போனால் இதுவும் சாக்குச் சொல்வதாகத்தான் போய்ச் சேரும். நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். "நீ வாங்கின சத்தியம்தானே, நீயே போய் அவிட்டு விடு" என்றார். அவருக்கும் அன்று வாய் வந்துவிட்டது.

மருமகனின் பைக் வந்து நின்றதும் எழுந்து நடந்தேன். பின் கதவால் போகவில்லை, சுற்றிக்கொண்டு போய் முன் வாசலால் ஏறினேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிய கையோடு நின்றார். நான் எதிரே நிற்பதைப் பார்த்து மகளைத் தேடினார்.

"அவள் வேண்டாம். உங்களோடதான் கதைக்க வந்தனான்" என்றேன். "இஞ்ச பாருங்க."

வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினேன். தோள் உயரம் வருமுன்னே அது நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தெண்டித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இவ்வளவுதான் வருது. அஞ்சு மாசமா இப்பிடித்தான். படுக்க ஏலாது. அந்தக் கதிரையில இருந்தாக் கொஞ்சம் சுகம். அதுக்குத்தான் வந்தனான், வீட்டுக்கில்ல. நீங்க வீட்ட விட்டுப் போகாதீங்க மருமகன்."

மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் உயிர் போய் வந்தது. "மாமிட கைய விடும்" என்று அவர் அவளிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் அவர் நேராக என்னோடு பேசியது அப்போதுதான்.

"நானும் படுக்கிறதில்ல மாமி."

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"எனக்கொண்டும் செய்யேல்ல. அது நீங்க படுத்த கட்டில். பாயில படுத்துப் பழகின ஆள் நான். திரும்பினாக் கட்டில் சத்தம் போடுது. வெளியில நீங்க முழிச்சிருக்கிறது தெரியும். உங்களுக்குக் கேக்குமெண்டு அசையாமக் கிடப்பன். ஓரத்திலதான் படுக்கிறன், கீழ விழுந்திடாமப் பிடிச்சுக்கொண்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. வீட்டைக் கொடுத்தேன், கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், வந்த பிள்ளை அதில் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டிருக்கிறேனா? சுவருக்கு இந்தப் பக்கம் நோவில் நான் முறுக்கிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் மரியாதையில் அவர் விறைத்துக் கிடந்திருக்கிறார்.

"கட்டில் முழுக்க உங்கட" என்றேன். "குறுக்கால படுங்க, தலகீழாப் படுங்க, உடைச்சுப் போட்டுட்டுப் பாயில படுங்க. நான் கேக்க வந்தா என்னத் துரத்துங்க."

அவர் தலைக்கவசத்தை மகளின் கையில் கொடுத்தார். சாய்மனைக் கதிரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின் வீட்டுக்கு நடந்தார். வாடகை வீட்டுக்காரரிடம் வரவில்லை என்று சொல்லும்படி மகளிடம் போகிறபோக்கில் சொன்னார். அதை நான் என் காதாலேயே கேட்டேன்.

இதனால் என் தோள் இளகிவிட்டதா என்றால், இல்லை. அன்றிரவும் கதிரையில் சரிந்தேன், எழும்பினேன், கிணற்றடி வரை நடந்தேன், துவாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன், எடுத்தெறிந்தேன். மசூதியில் பாங்கு சொல்லும் நேரமாகியும் கண் மூடவில்லை. நோவும் கோபமுமாக வளவுக்குள் நிற்கும்போது முன் அறை யன்னலால் ஒரு சத்தம் வந்தது. முதலில் பயந்து போனேன். பிறகு கிட்டப் போகாமல் நின்ற இடத்திலேயே காது கொடுத்தேன். எனக்குக் கிடைக்காதது அங்கே தாராளமாக நடந்துகொண்டிருந்தது. பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

என் மருமகன் குறட்டை விடுகிறவர் என்பது ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குத் தெரிந்தது.