இருக்கிற அக்கா

சிலோனிலிருந்து குன்னூருக்கு வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். எஸ்டேட் ஆபீஸ் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதால் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். வாயைத் திறந்தாலே ‘சிலோன்காரி’ என்பார்கள். அதனால் யாரிடமும் பேசமாட்டேன்.

அன்று ‘யூஸ்டு டு’ பாடம். முன்பு இருந்து இப்போது இல்லாததை அப்படிச் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும், “ஐ யூஸ்டு டு ஹேவ் எ சிஸ்டர்” என்றேன். ஆசிரியர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கேட்டார்.

பக்கத்தில் இருந்த சரோஜா, அருவங்காட்டிலிருந்து வருபவள், மெல்லக் கேட்டாள். “ஏனுங்க, அவங்க தவறிட்டாங்களா?”

“இல்லீங்க, அக்கா சிலோன்ல, அட்டன்ல இருக்கா. அவ புருசன் குடும்பத்துக்கு அங்கேயே பிரஜாவுரிமை கெடைச்சிருச்சி. எங்களுக்குக் கெடைக்கல, நாங்க மட்டும் கப்பலேறிட்டோம்.”

“உசுரோட இருக்கறவங்களை எதுக்குங்க அப்படிச் சொல்றீங்க? ‘ஐ ஹேவ்’னு சொல்லுங்க.”

எழுந்து நின்று திருத்திச் சொன்னேன். உட்கார்ந்ததும் சரோஜா கேட்டாள். “அவங்க பேரென்னங்க?”

“மாரியாயி.”

குன்னூருக்கு வந்தபிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காமலே இருந்தால், இருக்கிறவர்களைக்கூட நாம் இல்லாதவர்களாக்கிவிடுகிறோம்.