ஒருவர் குறைந்த ஞாயிறு

எங்கள் சபையின் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்பவர் அவர்தான். ஒல்லியான உடம்பு. எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. ஸ்தோத்திரம் சொல்லும்போதே அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு நகரும். உள்ளே போகிறவர்களை எண்ணுகிறார். ஆராதனை முடிந்ததும் வெளியே வருகிறவர்களையும் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கதவைப் பூட்டுவார். தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவர்களை எண்ணிய பழக்கம். மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

போன வருஷம் மே மாதம், பிரசங்கத்தின் நடுவில் புழுக்கம் தாங்காமல் நான் பக்கக் கதவு வழியாக நழுவி வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு அவர் என் வாசலில் நின்றார். எங்கள் சுரங்க ஊரின் ஒரு கோடியில் சபை இருக்கும் பாலகாட்டிலிருந்து, மறுகோடியில் என் வீடு இருக்கும் மைசூர் மைன்ஸ் வரை நடந்தே வந்திருக்கிறார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் நான் பெஞ்சில் விட்டுவந்த பைபிள்.

“இன்னா தம்பி, சொல்லிட்டுப் போகக் கூடாதா? சபைக் கெணத்துல கூட எட்டிப் பாத்துட்டு வரேன்.”

“வெயில் தாங்கலைங்க ஐயா. அதுக்குப் போய் இவ்ளோ தூரம் வரணுமா?”

“ஒரு ஆள் கொறையுதே. நான் எப்பிடி கதவப் பூட்டுவேன்?”

தண்ணீர்கூடக் குடிக்காமல், கதவைப் பூட்டத் திரும்பி நடந்தார்.

இந்தக் கோடையில் நாங்கள் பெங்களூருக்குக் குடிபோய்விட்டோம். போதகரிடம் சொல்லி, ஜெபித்துக்கொண்டுதான் கிளம்பினோம். அவரிடம் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போகாதவனை அவர் தேடமாட்டார் என்று ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் மணி மூன்றானால் கண் வாசலுக்குப் போகிறது.