கறுத்த அடுக்களை

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் எனக்கும் என் கணவருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பியது ஊர் சுற்றிக் காட்ட மட்டுமல்ல, என் வாயை அடைக்கவும்தான்.

எங்கள் வீடு அருமனையைத் தாண்டி ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. பலாமரத்தில் இழைத்த மச்சும் சித்திர வேலைக் கதவும் உள்ள பழைய ஓட்டு வீடு. வருகிறவர்கள் எல்லாரும் முன்வாசலில் நின்று படம் எடுப்பார்கள். அடுக்களைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே தடித்த மண்சுவர், அதில் கையகல ஓட்டை ஒன்று, அவ்வளவுதான் வெளிச்சம், பகலிலும் லைட் போட வேண்டும். கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் விறகில்தான், ஏனென்றால் அடுப்புக்கு மேலே கம்பியில், மரத்துப் பாலை உறைய வைத்து அடித்த ரப்பர் ஷீட் தொங்குகிறது. புகை பட்டால்தான் அது காய்ந்து நல்ல நிறத்துக்கு வரும். புகையில் பாதி ஷீட்டுக்கு, மீதி எனக்கு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த அடுக்களையை முதலில் மாற்றுங்கள் என்றார்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கிழக்குச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைக்க வேண்டும், ஷீட்டுக்கு முற்றத்தில் தனியாக ஒரு புகைப்புரை கட்ட வேண்டும். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்பதால் கொழுந்தனின் சம்மதம் தேவைப்பட்டது. அவன் போனிலேயே மறுத்துவிடுவான்.

“ஒரு ஆணியக்கூட மாத்தப்பிடாது மைனி. அம்மை பொழங்குன வீடு அது.”

லீவுக்கு வந்தால் அவன் அடுக்களை வாசலில் நின்றுதான் காப்பியை வாங்குவான். உள்ளே வந்தால் கண் எரியுமாம்.

ஜெர்மனி போனதும் முதல் வேலையாக ஒரு பழைய நகரத்துக்குக் கூட்டிப் போனான். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் ஓடிய வீடுகள், மேலே போகப் போகத் தெருவுக்குள் துருத்திக்கொண்டு வரும் மாடிகள். அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். என் கணவர் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தார்.

“பாத்தீளா மைனி, ஐநூறு அறுநூறு வருசத்துக்க வீடு. ஒண்ணையும் தொடாம வச்சிருக்கினும்” என்றான் கொழுந்தன். ஒரு வீட்டுக்கு ஒரு தடவை வீதம் இதையே சொன்னான்.

கடைசியாக, காட்சிக்கென்று வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குள் போனோம். நரைத்த தலையோடு ஒரு அம்மாள் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு அறை. சுவரும் கூரையும் புகையேறிக் கறுத்து மினுங்கின. கறுத்த அடுக்களை என்றே அதற்குப் பெயராம். மேலே இரும்புக் கொக்கிகள் தொங்கின. இவற்றில் எதைத் தொங்கவிட்டிருப்பார்கள் என்று அவள் எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்.

“ரப்பர் ஷீட்” என்றேன் நான், யோசிக்காமல். கொழுந்தன் தரையைப் பார்த்தான். பன்றித் தொடையாம். புகையில் காய வைப்பார்களாம். புகைக்கு என்ன, எதைக் கொடுத்தாலும் காய வைக்கும்.

கூட வந்தவர்கள் கறுத்த சுவரைத் தடவிப் பார்த்து, பக்கத்தில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். புகையே இல்லாத அந்த அறையில் எனக்கு இருமல் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இங்கே நின்று சமைத்தவளுக்கு மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டேன். கொழுந்தன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். மோசமாகத்தான் இருந்திருக்கும், கண்ணும் நெஞ்சும் சீக்கிரம் கெட்டுப்போகும் என்றாள். பிறகு எங்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு மரச்சட்டத்தைப் பாதியில் அறுத்துவிட்டு அகலமாக ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். வீடு கட்டி வெகுகாலம் கழித்து, இருட்டு பொறுக்காமல் யாரோ செய்த வேலை, அதையும் இப்போது பாதுகாக்கிறோம் என்றாள். தானும் இதே போன்ற ஒரு பழைய வீட்டில் குடியிருப்பதாகவும், அனுமதி வாங்கி அடுக்களைச் சுவரை எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். “யாரும் வாழாத வீட்டைத்தான் நாங்கள் தொடாமல் வைத்திருக்கிறோம்.”

வெளியே வந்ததும் கொழுந்தன், “அது வேற, நம்ம வீடு வேற மைனி” என்றான்.

“அவளுக்க நெஞ்சு வேற, எனக்க நெஞ்சு வேறயா?” என்று கேட்டேன். என் கணவர் எதிரே இருந்த ரொட்டிக் கடையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய வாரமே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். “அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...” என்று கணவர் இழுத்தார். கேட்டுக் கேட்டு இன்ஹேலர் வரைக்கும் வந்தாச்சு, இனிக் கேட்க மாட்டேன் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னல் சட்டத்துக்கு மரம் பார்க்க மார்த்தாண்டம் போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் போகிற வழியில் மனது கேட்காமல் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்.

கொத்தனார் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வீடியோவில் கூப்பிட்டான். முகம் வாடியிருந்தது. அவனுக்கும் வலிக்கும், எனக்குத் தெரியாமல் இல்லை.

“இடிக்காண்டாம் மைனி. அம்மைக்க அடுக்களை அது. அம்மை அங்க நிக்கதுதான் எனக்கு எப்பவும் ஓர்மை.”

“அம்மை இருமுனது ஓர்மை இருக்கா?” என்று கேட்டேன்.

அவன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. போனை அரிசிப் பானையில் சாய்த்து, சுவர் தெரிகிற மாதிரி வைத்தேன்.

“நீங்க அடியுங்க” என்றேன் கொத்தனாரிடம்.

அன்று மத்தியானச் சோற்றை லைட் போடாமல் வடித்தேன்.