லாஸ்ட் பர்சன்ட்

பல்கலைக்கழகக் கையேட்டின் முனையைக் கசக்கி, விட்டு, சுருக்கம் நிற்கிறதா என்று பார்க்கிறார் கௌஸ் பாய். மலேசியாவின் கிள்ளானில் முப்பது வருடமாகத் துணி விற்பவர்; எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கசக்கித்தான் பார்ப்பார். “வெயிட்டான பேப்பர், தம்பி. அப்ப ஃபீஸும் வெயிட்டாத்தான் இருக்கும்” என்று அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.

கடை மேசையில் இப்போது புடவைகளைவிடக் கையேடுகள் அதிகம். இளைய மகள் நஸ்ரின் பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வில் எட்டு ஏ வாங்கியிருக்கிறாள். அக்கவுன்டிங் படிக்க வேண்டும். பதினொரு தனியார் பல்கலைக்கழகங்களை உதறிப் பார்த்து இரண்டில் வந்து நிற்கிறார் பாய். ஒன்று வெஸ்ட்ஹில், மற்றது ஹில்டேல். இரண்டுக்கும் பக்கத்தில் குன்று எதுவும் கிடையாது. இரண்டின் அட்டையிலும் மூன்று இனத்துப் பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து ஒரே மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அக்கவுன்டிங்கில் இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். “அதுங்க ஃபீஸ் கட்டாத புள்ளைங்க. போட்டோவுக்கு வந்ததுங்க. சிரிக்காம என்ன பண்ணும்?” என்றார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, மனைவிக்கு ரவிக்கைத் துணி வாங்கப் போன நான் அவருக்குப் ‘படிச்ச ஆளு’ ஆகிவிட்டேன். பல்கலைக்கழகங்கள் அனுப்பும் கடிதங்களின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை வாசித்துச் சொல்வது என் வேலை. நஸ்ரினின் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் வீட்டுப் பிள்ளை வாசித்தால் பாய்க்கு நம்பிக்கை வராது. இந்தியாவிலிருந்து வந்த இன்ஜினியர் வாசிக்க வேண்டும். அடுத்த வருடம் என் மகளும் இதே வரிசையில் நிற்கப் போகிறாள். ஆகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

கல்விக் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே மற்ற அப்பாக்கள் நூலகம் எத்தனை மணி வரை, விடுதியில் ஏசி உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். பாய் நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே வெஸ்ட்ஹில்லின் ஆலோசகர் உஷாராணி, கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் மாறாத புன்னகையுமாக.

“ஃபிஃப்டி பர்சன்ட் தர்றோம் அங்கிள்.”

“எதுத்த கடையில அம்பத்தஞ்சு சொல்றான்மா.”

“அங்கிள், இது டிஸ்கவுன்ட் இல்ல லா. மெரிட் ஸ்காலர்ஷிப். ரிசல்ட் பாத்துக் குடுக்கிறது.”

“நானும் ஆளப் பாத்துத்தான் குடுப்பேன். நீ லாஸ்ட் பர்சன்ட் சொல்லும்மா.”

உஷாராணி எழுந்து திரைக்குப் பின்னால் போனார். மேனேஜரிடம் பேசிவிட்டு வந்ததாகச் சொல்லி அறுபது என்றார். பாய் என் பக்கம் சாய்ந்து, “உள்ள யாரும் இல்ல, தம்பி. போயி தண்ணி குடிச்சிட்டு வருது” என்று கிசுகிசுத்தார். அவர் கடையிலும் திரைக்குப் பின்னால் ஒரு முதலாளி உண்டு. பேரம் முற்றும்போதெல்லாம் பாய் எழுந்து போய் அவரைக் கேட்டுவிட்டு வருவார். அங்கே இருப்பது ஒரு தண்ணீர்க் குடமும் இஸ்திரிப் பெட்டியும்தான்.

ஹில்டேல்காரர்கள் முப்பதைத் தாண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. எட்டு ஏவுக்கு முப்பது, எல்லாருக்கும் அதுதான் என்று தாளைக் காட்டினார்கள். “யாவாரம் தெரியாதவனுங்க” என்று பாய் எழுந்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெஸ்ட்ஹில்லின் முழுக் கட்டணம் ஹில்டேலைப் போல கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. அறுபது கழித்த அதற்கும் முப்பது கழித்த இதற்கும் இடையே வருடத்துக்கு ஒரு பட்டுப் புடவை விலைதான் வித்தியாசம். சொன்னதும் பாய் சிரித்துவிட்டார். “விலைய ஏத்தி எழுதி அப்பறம் கொறைக்கிறது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நான் பண்றதுதானே! எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

“தெரிஞ்சுமா பாய் அங்க சேக்கணும்கிறீங்க?”

“முப்பதுன்னு வெளிய சொல்ல முடியுமா, தம்பி?”

வெளியே என்றால் சாலைக்கு எதிர்ப்புறம். அங்கே நாணய மாற்றுக்கடை வைத்திருக்கும் ஜாபர் அலியின் மகனுக்கு ஐம்பத்தைந்து கிடைத்திருக்கிறது. எந்தப் படிப்பு என்று பாய்க்குச் சரியாகத் தெரியாது. ஐம்பத்தைந்து என்பது மட்டும் தெரியும்.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் மூத்த மகள் ஃபர்ஹானா. வாடிக்கையாளர்களிடம் பாய் அவளை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: “மூத்தவ. எண்பது பர்சன்ட் ஸ்காலர்ஷிப் எடுத்தவ.” ஆன்டிகள் ஆஹா என்பார்கள். அவள் சில்லறையை எண்ணிக் கொடுப்பாள். அந்த எண்பது பர்சன்ட், மூன்றாவது செமஸ்டரோடு போய்விட்டது என்பதை நஸ்ரின்தான் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். மதிப்பெண் சராசரி நாலுக்கு மூன்றரை இருக்க வேண்டும், ஃபர்ஹானாவுக்கு 3.48. முழுக் கட்டணம் கட்டக் கடையால் முடியவில்லை. படிப்பு அங்கேயே நின்றது. யாராவது துருவிக் கேட்டால், பரீட்சை நேரத்தில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்பார் பாய்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் இரண்டில் ஒன்றை ஏற்று, கணினியில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். நாலரைக்கு நான் போனபோது புடவை மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. நஸ்ரின் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். கல்லாவில் ஃபர்ஹானா. கடையில் வேறு ஆள் இல்லை.

“வாங்க தம்பி, கடைசியா ஒரு தடவ படிச்சிருங்க.”

வெஸ்ட்ஹில் கடிதத்தின் அடியை வாசித்தேன். ஒவ்வொரு செமஸ்டரும் சராசரி மூன்றரைக்குக் குறையக் கூடாது; ஒருமுறை குறைந்தாலும் சலுகை ரத்து, மிச்சப் படிப்புக்கு முழுக் கட்டணம். என் வேலை பெர்மிட்டே இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கே எனக்குத் தூக்கம் போய்விடும். இந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதத்துக்கு ஒருமுறை. ஹில்டேல் கடிதத்தில் பாஸ் செய்தால் போதும் என்றிருந்தது.

“எனக்கு ஹில்டேலே போதும் அத்தா” என்றாள் நஸ்ரின்.

“மூணரையெல்லாம் உனக்கு ஜுஜுபி. எட்டு ஏ எடுத்த புள்ள!” பாயின் கை வெஸ்ட்ஹில் பக்கத்துக்கு நகர்ந்தது.

“எனக்கும் இதையேதான் சொன்னீங்க, அத்தா.”

கல்லாவிலிருந்து வந்த குரல். பாய் திரும்பவில்லை. “உனக்கு அப்ப காய்ச்சல்மா.”

“காய்ச்சல் இல்ல அத்தா. பாடம் கஷ்டமா இருந்துச்சு. எல்லாப் பேப்பரும் பாஸ்தான் பண்ணேன். அவ்ளோதான்.”

மேசையில் விரித்துக் கிடந்த புடவை ஒன்றை பாய் எடுத்து மடித்தார். ஓரம் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். பிறகு மடிக்கணினியை நஸ்ரின் பக்கம் தள்ளி, “முப்பதயே போடு” என்றார். பேரம் படிந்ததும் கடைக்காரன் மனம் மாறுவதற்குள் துணியை வெட்டச் சொல்லும் வாடிக்கையாளர் மாதிரி, அவள் சட்டென்று அழுத்திவிட்டாள்.

பாய் வெளியே வந்து நடைபாதையில் நின்றார். பக்கத்துக் கேசட் கடையில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறத்திலிருந்து ஜாபர் அலி வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்.

“கௌஸு! முடிஞ்சிச்சா? எத்தன பர்சன்ட்?”

பாட்டுச் சத்தத்தில் முப்பது என்றால் சரியாகக் கேட்காது. பாய் கையைத் தூக்கி மூன்று விரல்களை நீட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், ஓர் ஆன்டி சில்லறைக்குப் பையைத் துழாவினார். பஸ் கிளம்பிப் போகும்வரை பாய் கையை இறக்கவில்லை.