தகரத்தில் ஏது வேஸ்டேஜ்

என் வீட்டுக் கூரையை மாற்ற மேஸ்திரி போட்ட எஸ்டிமேட் என் கைக்கு வரவில்லை, என் அண்ணன் கைக்குப் போனது. வீடு என் பெயரில் இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் தோல் வெட்டிச் சேர்த்த பணமும் என்னுடையதுதான். ஆனாலும் பேச்சு அவரோடு.

"ரெண்டு லட்சத்துக்கும் மேல ஆவுதாம்மா. உன்னால முடியாது. வீட்ட குடுத்துட்டு எங்ககூட வந்து இரு. வாங்க ஆள் ரெடியா இருக்காரு," என்றார் அண்ணன்.

என்னிடம் இருந்தது ஒன்றரை லட்சம். மழைக்கு முன்னால் கூரை மாறாவிட்டால் ஒழுகுகிற வீட்டில் இருக்க முடியாது, அண்ணன் சொன்னபடி வீடு கைமாறிவிடும். காகிதத்தைப் பிடுங்கிப் படித்தேன்.

பழைய சிமென்ட் ஷீட்டைக் கழற்றக் கூலி, இரும்பு பைப் முழுக்கப் புதுசு, தகர ஷீட், ஸ்க்ரூ, வண்டி வாடகை. எல்லாவற்றுக்கும் கீழே, வேஸ்டேஜ் பதினைந்து சதவீதம்.

எங்கள் கட்டிங் செக்‌ஷனுக்கு வருகிற தோலில் முள் கீறல் இருக்கும், உண்ணி கடித்த தழும்பு இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கு நீளும். அதையெல்லாம் ஒதுக்கி, பேட்டர்ன் அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பீஸ் எடுக்கிறோம். நாலு மூலையும் நேராக இருக்கிற தகரத்தில் என்னய்யா வேஸ்டேஜ்?

ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு நானே ஏறி அளந்தேன். சரிவு பதினெட்டு அடி. மேஸ்திரி கணக்கில் பத்தடி ஷீட் இரண்டு. நடுவில் இரண்டடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதற்கும் காசு. கூரையின் அளவைச் சின்னதாக அட்டையில் வெட்டி ஷீட் கடைக்குக் கொண்டுபோனேன். "பதினெட்டு அடியாவே கட் பண்ணி குடுக்கறேன்மா," என்றார் கடைக்கார பாய். பைப்புகளைத் தட்டிப் பார்த்ததில் துருப்பிடித்தவை இரண்டே இரண்டு.

மேஸ்திரிக்கு போன் போட்டேன். "வீட்ல ஆம்பளைங்க யாருனா இருந்தா குடும்மா," என்றார்.

"ஆம்பளைங்க பேசித்தான் ரெண்டு லட்சம் ஆச்சு. நீங்க வர வேணாம்," என்று வைத்துவிட்டேன்.

வெல்டரையும் ஆட்களையும் நாள் கூலிக்கு நானே பிடித்தேன். ஒன்றை மட்டும் கோட்டை விட்டேன். சுவரும் ஷீட்டும் சேருகிற இடத்தில் ஒரு மடிப்புத் தகரம் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். என் தப்புதான். பெயின்டுக்கு வைத்திருந்த பணம் அதில் போனது. சுவர் இன்னும் அழுக்காகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

முதல் பெருமழை அன்று அண்ணன் வந்தார். அறை அறையாக நடந்து மேலேயே பார்த்தார். எங்கும் ஒரு சொட்டு இல்லை.

"மொத்தம் எவ்ளோம்மா ஆச்சு?"

தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். காதில் விழாத மாதிரி இருந்தேன். கிட்டே வந்து மறுபடி கேட்டார்.

"அது என் கணக்குண்ணா," என்றேன்.