சிவந்துபோன வெள்ளைக் கால்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கொடியில் காயும் துணியில்கூடத் துருத்தூள் படியும். எங்கள் ஹஸ்கி நாய் ஜூலி, ஒரு பொட்டுகூட வேறு நிறமில்லாத முழு வெள்ளை. போன மழைக்காலத்தில் அவளுடைய முன்னங்கால் ஒன்று செம்பழுப்பாக மாறியது.

"கம்பெனி தூசுதான், இன்னாத்துக்கு பயப்படுற? சோப்பு போட்டு நல்லா தேய்" என்றார் கணவர்.

அவருடைய சட்டையைத் துவைக்கும் பிரஷ்ஷாலேயே அந்தக் காலைத் தினமும் தேய்த்தேன். ஜூலி முனகினாள். அடம்பிடிக்கிறாள் என்று அதட்டினேன்.

அவள் நொண்டத் தொடங்கிய பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் ஜூலியின் விரலிடுக்கை விரித்ததும் சீழ் வழிந்தது.

"இது துரு இல்லம்மா, எச்சில் கறை. வெள்ளை முடியில இப்படித்தான் சிவக்கும். வலி தாங்காம மாசக்கணக்கா நக்கிக்கினு இருந்திருக்கு."

இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது தினமும் விரலிடுக்குகளைப் பார்த்து, ஈரம் போகத் துடைக்கிறேன். துணி துவைக்க நான் பிரஷ்ஷை எடுத்தால் மட்டும், ஜூலி அந்தக் காலை வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொள்கிறாள்.